மூன்றரை வயதுக்காரியோடு தெரு சுற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எனக்குப் பெயர் கிடையாது. "எறும்பு பார்க்குற பாப்பாவோட அப்பா" என்றால்தான் வாட்ச்மேன் அண்ணனுக்கே தெரியும். அவள் கண்டுபிடித்ததையெல்லாம் போகிற வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பதால், லிஃப்டிலும் கல்யாண வீட்டிலும் ஒரே மாதிரிக் கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதிலாக எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளில் பாதி பெரியவர்கள் கேட்டவை. மீதி அவளுடையவை.

பால் பாக்கெட் வாங்க முக்கால் மணி நேரமா? அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்?

வாசலிலிருந்து கடைக்கு இருநூறு அடிகூட இருக்காது. தனியாகப் போனால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுவேன். அவளோடு போனால் முதல் நிறுத்தம் படிக்கட்டிலேயே வந்துவிடும்.

ஒரு நாள் மதில் ஓரமாக எறும்பு வரிசை. குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். ஏழெட்டு எறும்புகள் ஒரு கரப்பான்பூச்சிக் காலை இழுத்துக்கொண்டு போகின்றன. எதிரே வருகிற ஒவ்வொன்றும் ஒரு நொடி நின்று, உணர்கொம்பால் தொட்டுவிட்டுப் போகிறது. "இதுங்களுக்கு யாருப்பா வழி சொன்னா?" என்றாள். வாசனை, வேதிப்பொருள் என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். ஏதோ தோன்றி, கட்டை விரலால் வரிசையின் குறுக்கே அழுத்தித் தேய்த்தேன். இந்தப் பக்கத்து எறும்பு இந்தப் பக்கமே நின்றுவிட்டது, அந்தப் பக்கத்து எறும்பு அந்தப் பக்கமே. கொம்பை ஆட்டிக்கொண்டு, வட்டமடித்து, திரும்பிப் போய், ஒரே குழப்பம். மகள் என்னை முறைத்தாள். "அய்யோ, ரோட்டை அழிச்சிட்டியேப்பா!"

அதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை. எறும்புகள் நடக்கும்போது வாசனையுள்ள ஒரு பொருளைத் தரையில் தடவிக்கொண்டே போகின்றன. பின்னால் வருவது அந்தத் தடத்தை மோந்துகொண்டு வருகிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் துணிச்சலான ஒன்று குறுக்கே கடந்துவிட, மற்றவை ஒட்டிக்கொண்டன. "ரோடு போட்டாச்சு" என்று எழுந்தவள், பத்தடி தள்ளி அடுத்த வரிசையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

இதில் ஒரு கிளைக்கதை. என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்தால் பச்சரிசி மாவில்தான் கோலம் போடுவார். என் மனைவி போடுவது கடையில் வாங்கும் கல்மாவுக் கோலப்பொடி. மகளுக்கு அவர் ஆச்சி. ஆச்சி வந்த மறுநாள் காலையில் வாசல் முழுக்க எறும்பு. மகள் இரண்டு நாளும் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக அறிவித்தாள்: "ஆச்சி கோலம்தான் எறும்புக்குப் பிடிச்சிருக்கு. அம்மா கோலம் பிடிக்கலை." ஆராய்ச்சி முடிவு சரிதான். வெளியிட்ட இடம்தான் சரியில்லை.

நிலா ஏன் கூடவே வருது?

இது மகளின் கேள்வி. கேட்காத பிள்ளையே இருக்காது. பைக்கில் முன்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தவள், "அப்பா, நிலா நம்மளத் துரத்துது, வேகமா ஓட்டு" என்றாள்.

வீட்டுக்கு வந்து முறையாகப் பாடம் எடுத்தேன். ரயில் ஜன்னலில் பக்கத்துக் கம்பம் விருட்டென்று ஓடும், தூரத்து மலை மெல்ல நகரும். நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் தெருக்கோடி வரை போனாலும் அதைப் பார்க்கும் கோணம் துளியும் மாறுவதில்லை. மரமும் வீடும் பின்னால் போக, நிலா மட்டும் அதே இடத்தில் நிற்பதால் கூடவே வருவதாகத் தோன்றுகிறது. எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, நம்ம வீடு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் காரணம் கேட்கவே இல்லை. 'ஏன் வருது' என்றால் அவள் அகராதியில் 'யாரைப் பார்க்க வருது' என்று பொருள். நான் வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு 'ஏன்' வரும்போதும், அது எந்த 'ஏன்' என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

ஸ்விட்சர்லாந்தில் ஜான் பியாஜே என்ற உளவியலாளர் 1920களிலேயே குழந்தைகளை உட்காரவைத்து இதையெல்லாம் கேட்டிருக்கிறார். நிலா தங்களோடு நடக்கிறது, தாங்கள் நின்றால் அதுவும் நிற்கிறது என்று பல குழந்தைகள் சொன்னார்களாம். சரியென்று நானும் கேட்டுப் பார்த்தேன். "நீ கடைப்பக்கம் போறே, கீழ்வீட்டுத் தம்பி கோயில் பக்கம் போறான். நிலா யார் கூட வரும்?" யோசிக்கவே இல்லை. "என்கூட. அவனுக்கு வேற நிலா."

நம் ஆட்கள் இதை முன்பே பிடித்துவிட்டார்கள். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஏழாவது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவது. சாமம், பேதம், தானம், தண்டம் என்று நான்கு வழியிலும் அழைப்பார்கள்: கொஞ்சுவார்கள், நீ எங்கள் பிள்ளைக்கு ஈடில்லை என்பார்கள், வந்தால் இன்னது கிடைக்கும் என்பார்கள், கடைசியில் வராவிட்டால் தெரியும் சேதி என்று மிரட்டுவார்கள். சோறு ஊட்டும்போது நாமும் இதே நான்கையும்தான் செய்கிறோம். என்ன, தண்டம் மட்டும் நிலாவுக்குப் போகாமல் வாயில் சோற்றை அடக்கிக்கொண்டிருக்கிற பிள்ளைக்குப் போகிறது.

பதில் தெரியாத கேள்வி வந்தால்?

"தெரியலையேம்மா, பார்ப்போமா?" இதில் 'பார்ப்போமா' முக்கியம். சொல்லிவிட்டுப் பார்க்காமல் விட்டால், நான்கு நாள் கழித்துக் கடன்காரி மாதிரி வந்து நிற்பாள்.

அறிவை வளர்க்கிற பொம்மை ஏதாவது சொல்லுங்களேன்?

இதற்கு முன் நானும் வாங்கினேன். ஒன்று கட்டிலுக்கடியில் கிடக்கிறது, இன்னொன்றின் பாதி கிடக்கிறது. அவள் விடாமல் வைத்திருப்பது எவர்சில்வர் குழிக்கரண்டி ஒன்றைத்தான்.

குழிந்த பக்கத்தில் முகம் பார்த்தால் தலைகீழாகத் தெரியும். திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் நேராக, ஆனால் மூக்கு மட்டும் புடைத்துக்கொண்டு தெரியும். முதல் நாள் இதைப் பார்த்ததும் அவள் கரண்டியைச் சந்தேகப்படவில்லை. சட்டென்று தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு கரண்டியைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள், படுத்துக்கொண்டு பார்த்தாள். கடைசியில் குழியைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோனபோது கண் பெரிதாகி நேராகத் தெரிந்தது. இது எனக்கே புதிது. குழியாடி, குவியத்தூரம் என்று தேர்வுக்கு வரைந்து மார்க் வாங்கிய ஆள் நான். கரண்டிக்குள் எட்டிப் பார்த்ததே இல்லை.

இன்னொரு பொம்மை, மஞ்சள்தூள். ஆச்சி ஆரத்தி கரைக்கும்போது பக்கத்தில் நின்றிருந்தாள். தட்டில் மஞ்சள் தண்ணீர். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பில் துளி எடுத்து ஆச்சி விரலால் கலக்கினார். தண்ணீர் ரத்தச் சிவப்பானது. பிள்ளை இரண்டடி பின்னால் போய்விட்டாள். "ஆச்சி, யாருக்கு அடிபட்டுச்சு?"

மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் சுண்ணாம்பு, சோப்பு மாதிரியான காரப்பொருள் பட்டால் சிவக்கும். அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். சாம்பார்க் கறை பட்ட வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டதும் திட்டுத்திட்டாகச் சிவந்து வயிற்றைக் கலக்குமே, அதே சங்கதி. ஆரத்தி சுற்றி முடிந்த பிறகு ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து எலுமிச்சை பிழிந்து காட்டினேன். மஞ்சள் திரும்பி வந்தது. "சரியாயிருச்சு" என்று பெருமூச்சு விட்டாள். எத்தனையோ கல்யாணத்தில் ஆரத்தியைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒரு தடவையும் நின்று பார்த்ததில்லை. ஒன்றே ஒன்று: சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. அது ஆச்சியின் கையில்தான் இருக்கவேண்டும்.

சின்னக் குழந்தையை அடுப்படியில் விடலாமா?

அடுப்புக்கு எட்டாத தூரத்தில் ஒரு முக்காலி போட்டு, அதிலிருந்து இறங்கக்கூடாது என்பது சட்டம். அங்கிருந்தே தோசைக்கல் நன்றாகத் தெரியும். கல் மிதமாகக் காய்ந்திருக்கும்போது தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று அடங்கிவிடும். நன்றாகக் காய்ந்துவிட்டால் துளிகள் குண்டுமணி போல உருண்டு கல் முழுக்க ஓடும். துளியின் அடிப்பாகம் மட்டும் சட்டென்று ஆவியாகி மெத்தை மாதிரித் தாங்கிக்கொள்வதால், மேலே இருக்கும் தண்ணீர் கல்லைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு திரிகிறது. 1756இல் இதை விவரித்து எழுதிய லைடன்ஃபிராஸ்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் பெயரையே இதற்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் "தண்ணி டான்ஸ்". இப்போதெல்லாம் "டான்ஸ் ஆடிருச்சும்மா, கல்லு சூடு ஜாஸ்தி" என்று முக்காலியிலிருந்தே மேற்பார்வை நடக்கிறது.

பூச்சியையெல்லாம் தொட விடுகிறீர்களா? சீய்!

கம்பளிப்பூச்சி, பூரான், தேள், குளவி, பெயர் தெரியாத எதுவும் கூடாது. ரயில்பூச்சியை விரலால் தொடலாம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். அது பயந்தால் ஒரு திரவம் விடும். கண்ணில் பட்டால் எரியும்.

ரயில்பூச்சிதான் எங்கள் மழைக்கால விருந்தாளி. சிலர் மரவட்டை என்பார்கள், புத்தகத்தில் ஆயிரங்காலி. தொட்டால் சக்கரமாகச் சுருண்டுகொள்ளும். "ரயிலு ஸ்டேஷன்ல நின்னுருச்சு" என்று அது விரிகிறவரை காத்திருப்பாள். ஐந்து நிமிடம் அசையாமல் அவள் உட்காரும் ஒரே சந்தர்ப்பம் அது. எத்தனை கால் என்று எண்ண ஆரம்பித்தோம். அவளுக்கு எண்ணிக்கை பதினான்குக்கு மேல் தெரியாது, எனக்குக் கண் தெரியவில்லை. ஆயிரங்காலி என்று பெயர்தானே தவிர, ஆயிரம் கால் உள்ள ஒன்றை வெகுகாலம் யாரும் பார்த்ததில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் தரைக்கடியில் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றுக்கு 1,306 கால்கள் என்று 2021இல்தான் அறிவித்தார்கள்.

ஊருக்குப் போனபோது அவள் வேறொன்றைக் கண்டெடுத்தாள். மழை பெய்து ஓய்ந்த மண்ணில் தம்பலப்பூச்சி. வெல்வெட் துணியை வெட்டிச் செய்த மாதிரி சிவப்பு. "அப்பா, பொட்டு நடக்குது!" என்று கத்தினாள். எட்டுக் கால், சிலந்திக்கு உறவு. முதல் மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து வெளியே வரும். சங்கப் பாடல்களில் இதற்கு மூதாய் என்று பெயர். நான் சின்ன வயதில் தீப்பெட்டியில் அடைத்து வைத்து, மறுநாள் அது செத்துக் கிடந்தது நினைவுக்கு வந்தது. ஆகவே கையில் ஏற்றிவிட்டு, இறக்கிவிட்டுவிட்டோம்.

மழையில் நனைய விடுவீர்களா?

இடி இல்லாவிட்டால், பத்து நிமிடம். அதைவிட மழை வருவதற்கு முந்தைய நிமிடம்தான் அவளுக்கு விசேஷம். பால்கனிக் கம்பியில் மூக்கை வைத்து, "அப்பா, மண்ணு வாசம் சமைக்குது" என்பாள். மண்ணில் இருக்கும் ஸ்ட்ரெப்டோமைசஸ் வகை பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளும், செடிகள் விட்டுவைத்த எண்ணெய்களும் சேர்ந்த வாசனை அது. 1964இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். மழைத்துளி மண்ணில் விழும்போது காற்று சின்னச் சின்னக் குமிழ்களாக மாட்டிக்கொண்டு, சோடா மாதிரி மேலே வந்து வெடிக்கிறது. அதோடு வாசனையும் கிளம்புகிறது. சமைக்குது என்ற சொல்லை விஞ்ஞானிகளுக்கு யாராவது சொன்னால் தேவலை.

பாட்டி சொல்லும் கதைகள் அறிவியலைக் கெடுத்துவிடாதா?

வெயிலும் மழையுமாக அடித்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்பார் ஆச்சி. நான் திருத்துவதில்லை. வானவில்லுக்கு வெயில் முதுகுப் பக்கமும் மழை முகத்துக்கு எதிரேயும் இருக்கவேண்டும். எனவே, "கல்யாணம்னா வெயிலுக்கு முதுகைக் காட்டி நிக்கணும்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டேன். சாயங்காலம் என்றால் கிழக்கே பார்ப்போம். போன மாதம் ஒன்று மாட்டியது. மழை இல்லாத நாளில் மொட்டைமாடியில் குழாயை விரலால் அடைத்துத் தண்ணீரைப் பூவாகச் சிதறவிட்டால், அதே முதுகு விதிப்படி முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி வானவில் வரும். "இது குட்டி நரிக் கல்யாணம்." கதையும் கெடவில்லை, இயற்பியலும் கெடவில்லை.

நிழலில்லா நாளுக்கு மாடியில் கூட்டம் சேர்த்தது நீங்கள்தானா?

நான்தான். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருக்கும் ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி வடக்கே நகர்ந்து, சென்னைக்கு ஏப்ரல் 24ஐ ஒட்டி வரும். மறுபடி ஆகஸ்ட் 18ஐ ஒட்டி. கடிகாரப் பன்னிரண்டுக்குச் சில நிமிடம் கழித்துத்தான் உச்சி. பத்து நிமிடம் முன்பே தண்ணீர் பாட்டில், உலக்கை, ஒரு ஸ்டம்ப் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தோம். ஒவ்வொன்றின் நிழலும் சுருங்கிச் சுருங்கி அடிக்குள்ளேயே போய்விட்டது. பெரியவர்கள் கைதட்டினார்கள். இவள் மட்டும் உலக்கையைத் தூக்கி அடியில் பார்த்தாள். "இங்கதான் ஒளிஞ்சிருக்கு." தூக்கியதும் அடியில் வட்டமாக நிழல் விழத்தான் செய்தது. அவளோடு வாதாட முடியவில்லை.

மொபைல் கொடுப்பீர்களா?

கொடுப்போம், நாங்களும் மனிதர்கள்தான். ஒரு நல்ல உபயோகம் சொல்கிறேன். டிவி ரிமோட்டின் முனையை மொபைலின் செல்ஃபி கேமராவுக்கு நேரே நீட்டிப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி பல மொபைல்களின் திரையில் மின்னும்.

இவ்வளவு பொறுமை எப்படி?

இல்லை. கேட்பவர்கள் நல்ல நாட்களை மட்டும் பார்க்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அலுவலக அழைப்பு ஒன்றில் வசமாக மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். மொட்டைமாடியிலிருந்து ஈரக்காலோடு ஓடிவந்தாள். "அப்பா, என் கால் ஒளிஞ்சிருச்சு! வா!" போனைப் பொத்திக்கொண்டு, "போம்மா அந்தப் பக்கம்" என்றேன். குரல் கொஞ்சம் ஏறித்தான்விட்டது. முடித்துவிட்டு மேலே போனேன். வாளியும் குவளையும் கிடந்தன. என் அம்மா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அவளே தண்ணிய ஊத்தி ஊத்தி மிதிச்சுக்கிட்டு கெடந்தா. காலடி பூராவும் காஞ்சிரும், திரும்ப ஊத்துவா. நாலு மட்டம் ஊத்திட்டா. அப்புறம் கீழ போயிட்டா. எதுக்குல புள்ளைய ஏசுன?"

மறுநாள் காலையில், "ஒளிஞ்ச காலைக் காட்டும்மா, பார்க்கலாம்" என்று நானே கூப்பிட்டேன். இட்லியிலிருந்து தலையைத் தூக்காமல், "அது நேத்து" என்றாள்.

ஒரு வாரம் கழித்து அவளாகவே மறுபடி ஊற்றினாள். சூடான தளத்தில் ஈரப் பாதம் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். முதலில் மெல்லிய ஈரமாகப் பதிந்த விரல்கள் போகும், கடைசியில் குதிகால் மட்டும் ஒரு காசு அளவு நிற்கும். அந்தக் காசும் மறைகிற நொடியில், "ஒளிஞ்சிருச்சு!" தண்ணீர் எங்கே போனது என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எழுதி வைக்கிறீர்களா?

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில். தேதி போட மறந்துவிடுகிறேன்.

இப்போது என்ன ஓடிக்கொண்டிருக்கிறது?

டம்ளர். ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வேர்ப்பதைப் போன வாரம் பார்த்துவிட்டாள். டம்ளர் ஓட்டை என்பது அவள் தீர்ப்பு. துடைத்தாள், மறுபடி வேர்த்தது. வேறு டம்ளர் எடுத்தாள், அதுவும் ஓட்டை. வீட்டிலுள்ள டம்ளர் எல்லாம் ஓட்டை என்றானதும் அம்மாவிடம் புகார் போயிற்று. காற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர்தான் குளிர்ச்சி பட்டு வெளியே வந்து உட்காருகிறது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டிருக்கிறேன். நேற்று முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து டம்ளரின் வயிற்றில் ஒட்டி, தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வைத்தாள். இன்று காலை எடுத்து மேசையில் வைத்து, தாடையை மேசை விளிம்பில் முட்டுக்கொடுத்துக் காத்திருந்தோம். பிளாஸ்திரியின் மேலேயே வேர்த்தது.

"அப்பா," என்றாள், குரலைத் தாழ்த்தி, "பிளாஸ்திரியும் ஓட்டைப்பா."